பூத்தையலிலிருந்து கலப்பு ஊடகத்துக்கு: எதை விடுவது, எதைக் கொண்டுபோவது?

இழைமுடிச்சு

துணியும் நூலும் மட்டுமாகச் சில ஆண்டுகள் வேலை செய்த ஒரு கலைஞர், காகிதம், ஆக்ரிலிக், கம்பி, மெழுகு என்று விரியத் தொடங்கும் கட்டத்தைப் பற்றிப் பேசத்தான் இந்த உரையாடல் இழை. புதிய பொருளை எப்போது, எந்தக் காரணத்துக்காகச் சேர்ப்பது? துணியோடு எது ஒத்துவாழும், எது பத்து வருடத்தில் துணியைத் தின்றுவிடும்? கண்காட்சிக்குப் போகும்போது தொங்கவிடுவது, விலை வைப்பது, பழைய வேலைகளை என்ன செய்வது? "மனசு சொல்வதைச் செய்யுங்கள்" வகைப் பதில்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. அளவும் விகிதமும் காரணமும் சேர்த்து எழுதுங்கள்.

பாவுநூல்

முதல் கேள்விக்கு ஊடகம் மாறிய பெரிய கலைஞர்களைப் பார்த்தால் போதும். பொருள் மாறியது, கையின் பழக்கம் மாறவில்லை. இதுதான் எல்லோரிடமும் தெரிகிற ஒற்றுமை.

போலந்துக் கலைஞர் மக்தலேனா அபகனோவிச் 1962இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் நடந்த முதல் திரைச்சீலை பியனாலேயில் (ஈராண்டுக்கொருமுறை நடக்கும் கண்காட்சி) கலந்துகொண்டவர். அப்போது அவர் வேலை சுவரில் தொங்கும் நெசவு. அறுபதுகளின் பிற்பகுதியில் அதே நெசவு சுவரைவிட்டு இறங்கிக் கூரையிலிருந்து தொங்கும் பெரிய உருவங்களாயிற்று. அவற்றுக்கு 'அபகான்' என்றே பெயர் வந்தது. பழைய கப்பல் கயிறுகளைப் பிரித்துச் சாயமேற்றி நெய்தார். எழுபதுகளில் தறியை விட்டுவிட்டுச் சாக்குத் துணியையும் ரெசினையும் அச்சில் படியவைத்து 'முதுகுகள்' என்ற சிற்ப வரிசையைச் செய்தார்: 80 உருவங்கள், 1976 முதல் 1980 வரை. பிறகு வெண்கலம், வார்ப்பிரும்பு. சிகாகோவில் 2006இல் நிறுவப்பட்ட 106 இரும்பு உருவங்களின் மேற்பரப்பில் இன்றும் சாக்கின் சுருக்கம் போன்ற வரிகளைப் பார்க்கலாம். நாற்பது ஆண்டுகளில் நார் இரும்பாயிற்று. மேற்பரப்பைப் பற்றிய அக்கறை அப்படியே இருந்தது.

இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி (1949–2015) எழுபதுகளிலிருந்து சணல் கயிற்றை முடிச்சிட்டே ஆளுயரச் சிற்பங்கள் செய்தார். தறியே கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் சுடுமண்ணுக்குப் போனார், அதன்பின் வெண்கலம். மடிப்பும் இதழும் உள்வளைவும் மூன்று பொருளிலும் தொடர்ந்தன.

ஆனி ஆல்பர்ஸ் 1922இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் சேர்ந்து நெசவுப் பட்டறைக்குப் போனார். 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனிக்காட்சி. அறுபதுகளில் அச்சுக்கலையைத் தொட்டு, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நெசவை ஏறக்குறைய விட்டுவிட்டார். அவருடைய அச்சுகளில் முடிச்சும் பின்னலும் கோடாக ஓடுகின்றன.

இதிலிருந்து ஒரு நடைமுறை: புதிய பொருளை வாங்குமுன் ஒரு தாளில் "என் கை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது?" என்று எழுதி, வினைச்சொற்களாகவே பதில் எழுதுங்கள். குத்துகிறது, இழுக்கிறது, அடுக்குகிறது, மறைக்கிறது, ஒட்டுப்போடுகிறது. அந்த வினையைத் துணியில் செய்ய முடியாமல் முட்டி நிற்கிற இடம் எதுவோ அங்கேதான் புதிய பொருளுக்கு வேலை. இழுவிசைதான் உங்கள் வினை என்றால் கம்பி வரலாம், மெழுகு வரக் காரணமில்லை. மறைப்பதுதான் வினை என்றால் மெழுகும் மெல்லிய காகிதமும் வரலாம்.

சாயத்தொட்டி

பாவுநூல் சொன்னது சரி. நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் கலப்பு ஊடக வேலைகள் கெடுவது பெரும்பாலும் கருத்தில் இல்லை, கழுவலில்.

அடித்துணியில் முதலில் கஞ்சியும் ஆலை எண்ணெயும் போகவேண்டும். பருத்தி, லினன் என்றால் துணி எடையில் 2 முதல் 4 சதவீதம் சலவைச் சோடாவும் கொஞ்சம் மென்சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் இளங்கொதியில் வைத்து நன்றாக அலசுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் வருவதைப் பார்த்தால் ஏன் என்று தெரியும். கம்பளிக்கும் பட்டுக்கும் சோடாவே கூடாது, காரம் அவற்றை அரிக்கும். இந்தக் கட்டத்தில்தான் துணி சுருங்கித் தீரவேண்டும். பிறகு ஈரப்பசை படும்போது சுருங்கினால் மேலே ஒட்டிய காகிதம் அலையடித்து நிற்கும்.

வினைச்சாயம் (நாரோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயம்) போட்டால் முதல் அலசல் குளிர்ந்த நீரில். சோடாவும் உப்பும் முழுக்கப் போனபிறகே 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் அலச வேண்டும். நாரோடு பிணையாத சாயம் உள்ளே தங்கியிருந்தால் துணியாக இருக்கும்வரை தெரியாது. ஈரமான மாவுப்பசையோ ஆக்ரிலிக் மீடியமோ (நிறமி சேராத ஆக்ரிலிக் பூச்சு) பட்ட மறுநிமிடம் அது மேலேறி வெள்ளைக் காகிதத்தில் இளஞ்சிவப்பாகப் படரும். சோதனை எளிது: சாயத்துணியை நனைத்து இரண்டு வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து, பாலித்தீனால் மூடி, மேலே கனம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் வெள்ளை வெள்ளையாக இருந்தால் மட்டும் பசைக்குப் போங்கள். கடையில் வாங்கும் எம்பிராய்டரி நூலில் அடர்சிவப்புக்கும் கருநீலத்துக்கும் இதே சோதனை கட்டாயம்.

இயற்கைச் சாயம் பிடித்தவர்களுக்கு: சாயம் நாரில் பிடிக்க, பட்டுக்கும் கம்பளிக்கும் எடையில் 12 முதல் 15 சதவீதம் படிகாரம். பருத்திக்கு முதலில் கடுக்காய் போன்ற துவர்ப்பு, அடுத்து அலுமினியம் அசிடேட் 5 முதல் 8 சதவீதம். கருக்க இரும்பு உப்பு சேர்த்தால் 2 சதவீதத்தைத் தாண்டாதீர்கள். மஞ்சள்கிழங்குச் சாயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளிச்சத்தில் நிற்காது, விற்கிற வேலையில் வேண்டாம். அவுரியும் மஞ்சிட்டியும் நம்பலாம்.

வெளிச்சச் சோதனைக்கு எல்லா நூலையும் சாயத்தையும் ஓர் அட்டையில் கோடுகளாகச் சுற்றி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் மூன்று மாதம் வையுங்கள். பக்கத்திலேயே 1 முதல் 8 வரை எண்ணிட்ட நீலக் கம்பளி அட்டையும் (1 சீக்கிரம் வெளுக்கும், 8 கடைசியாக) இருந்தால் இன்னும் நல்லது. எந்த எண் வெளுத்தபோது உங்கள் சாயம் வெளுத்தது என்று நேராக ஒப்பிடலாம்.

கந்தல்துணி

பசை பற்றி யாராவது விரிவாகச் சொல்லுங்கள். துணிமேல் காகிதம், காகிதத்தின்மேல் தையல் என்று போகும்போது ஒன்று காகிதம் கிழிகிறது, இல்லை பசை மஞ்சளாகிறது. எண்ணெய் வண்ணத்தை நேரடியாகத் துணியில் போடலாமா?

அடுக்குக்காகிதம்

கடைசிக் கேள்விக்கு முதலில்: போடாதீர்கள். எண்ணெய் காய்வது ஆவியாதல் அல்ல, ஆக்சிஜனேற்றம். அந்த வினை பருத்தி, லினன் நாரையும் சேர்த்து நைய வைக்கும். வண்ணத்தைச் சுற்றி எண்ணெய் வளையமும் ஊறும். எண்ணெய்தான் வேண்டும் என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் ஆக்ரிலிக் மீடியம் இரண்டு பூச்சு, மேலே ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு), பிறகு எண்ணெய்.

பசை விஷயத்தில் என் நிலைப்பாடு: தைக்க முடிந்ததை ஒட்டாதீர்கள். தையலைப் பிரிக்கலாம், ஒட்டியதைப் பெரும்பாலும் பிரிக்க முடியாது. ஒட்டியே ஆகவேண்டும் என்றால் காகிதத்துக்குக் கோதுமை மாச்சத்துப் பசை அல்லது மெதில் செல்லுலோஸ். இரண்டும் தண்ணீரில் இளகும், பிற்காலத்தில் பழுதுபார்ப்பவருக்கு வழி இருக்கும். துணியையும் காகிதத்தையும் உறுதியாகப் பிடிக்கப் பளபளப்பில்லாத ஆக்ரிலிக் மீடியம் நல்லது, ஆனால் அது ஒருவழிப் பாதை. வெள்ளை மரப்பசையில் பல வகை நாளாவட்டத்தில் அமிலத்தன்மை கொண்டு மஞ்சளாகும். சூட்டுக்குச்சிப் பசையை முழுதாக ஒதுக்குங்கள். வெயிலில் நின்ற வண்டிக்குள் இளகி, பிறகு நொறுங்கும்.

காகிதம் கிழிவதற்குக் காரணம் தையல் நீளம். 2 மி.மீ. தையல் போட்டால் தபால்தலைத் தாளில் துளையிட்ட மாதிரி ஆகிவிடும். இயந்திரத்தில் 3 முதல் 4 மி.மீ. வையுங்கள், கூர்முனை ஊசி 80 அல்லது 90, மேல்நூல் இழுவிசையை ஒரு படி தளர்த்துங்கள். திரும்பும் முனையில் பின்தையல் வேண்டாம். நூலைப் பின்பக்கம் இழுத்துக் கையால் முடியுங்கள். நீளநார் கொண்ட கைக்காகிதம் எடுத்து, பின்னால் மெல்லிய பருத்தித் துணியை மாச்சத்துப் பசையால் படியவைத்து, முழுக்கக் காய்ந்தபிறகு தைத்தால் கிழியாது. செய்தித்தாள் வேண்டாம். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் தானும் பழுப்பாகும், தொடும் துணியையும் பழுப்பாக்கும். அந்த எழுத்துத் தோற்றம் வேண்டுமென்றால் நகலெடுத்து அமிலமற்ற தாளில் அச்சிடுங்கள்.

ஆக்ரிலிக் பூசிய துணியில் ஊசித்துளை மூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். தைத்துப் பிரித்தால் புள்ளி நிரந்தரம். அதனால் வரிசை: சாயம், பிறகு மெல்லிய பூச்சு, பிறகு தையல், கடைசியில் தேவையான இடத்தில் கனத்த பூச்சு. துணிக்கான மீடியத்தை வண்ணத்தோடு சமபங்கு கலந்தால் துணி விறைக்காது.

மெழுகுச்சூடு

மெழுகு பற்றிச் சுருக்கமாக. 8 பங்கு தேன்மெழுகுக்கு 1 பங்கு டாமர் பிசின், சூடு 95 டிகிரிக்குள். புகை வந்தால் சூடு அதிகம், உடனே குறைத்துச் சன்னலைத் திறங்கள். மடங்கும் துணியில் மெழுகு வெடிக்கும், ஆகவே பலகையில் ஒட்டிய துணியில் மட்டும். ஆக்ரிலிக் பூச்சின்மேல் மெழுகு பிடிக்காது, உரிந்துவரும்.

துருப்பிடி

சாயத்தொட்டி இரும்பை 2 சதவீதத்தில் நிறுத்துகிறார். ஆனால் சிதைவையே கருவாகக் கொண்ட கலைஞர்கள் இருக்கிறார்கள். துருக்கறை, நைந்த ஓரம், உதிரும் நார், இதெல்லாம் வேலையின் பொருள். அவர்களிடம் பாதுகாப்பு விதி சொல்வது வேலையின் உயிரை எடுப்பது. துணி என்றாலே அழியும் பொருள்தானே?

சாயத்தொட்டி

துருப்பிடி, அழிவு கருப்பொருளாக இருப்பதில் மறுப்பே இல்லை. எந்த வேகத்தில், எந்த இடத்தில் அழிய வேண்டும் என்பதைக் கலைஞர் முடிவுசெய்ய வேண்டும், அவ்வளவுதான். துருவேற்றிய துணியை, துரு ஏறத் தெளித்த காடியின் ஈரத்தோடு அப்படியே காயவிட்டால் இரும்பும் அமிலமும் சேர்ந்து சில ஆண்டுகளிலேயே கறை விழுந்த இடத்தை ஓட்டையாக்கும். துரு போதுமான அளவு ஏறியதும் சலவைச் சோடா கரைத்த நீரில் அலசி, பிறகு மென்சோப்பில் துவைத்துக் காயவைத்தால் நிறம் நிற்கும், சிதைவு மெதுவாகும்.

துருப்பிடித்த கம்பியையோ ஆணியையோ துணியில் கட்டுவதானால், தளர்ந்த துருவைத் துலக்கிவிட்டு, பாராலாய்ட் பி-72 என்ற ஆக்ரிலிக் ரெசினை அசிடோனில் 10 சதவீதமாகக் கரைத்து இரண்டு பூச்சு கொடுங்கள். தீப்பற்றும் கரைசல், காற்றோட்டமான இடத்தில் மட்டும். அப்புறமும் கம்பிக்கும் துணிக்கும் நடுவே ஒரு மெல்லிய பாலியஸ்டர் துண்டு வைப்பது நல்லது. வாங்குபவருக்குக் கொடுக்கும் தாளில் "இந்தப் பகுதி காலத்தில் மாறும், அது வேலையின் பகுதி" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இல்லையென்றால் வாங்கியவர் அதைப் பழுது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

துருப்பிடி

அந்த ஒரு வரியை ஏற்றுக்கொள்கிறேன். சோடா அலசல் நிறத்தைக் கொஞ்சம் ஆரஞ்சுப் பக்கம் தள்ளலாம், சிறு துண்டில் பார்த்துவிட்டு முழுத் துணிக்குப் போங்கள் என்பதையும் சேர்க்கிறேன்.

தொங்கல்

தொங்கவிடுவது. பெரும்பாலான கலைஞர்கள் இதைக் கடைசி வாரத்தில் யோசிக்கிறார்கள். முதல் தையலுக்கு முன் யோசிக்க வேண்டியது.

கனமான பொருளை மேல்துணியில் மட்டும் தைக்காதீர்கள். பின்னால் ஒரு கான்வாஸ் துணி கொடுத்து, கம்பியோ மரத்துண்டோ அதுவரை ஊடுருவித் தைக்கப்பட வேண்டும். எடையைக் கான்வாஸ் சுமக்க வேண்டும், பூவேலை செய்த துணி சுமக்கக் கூடாது. அதுவே சுமந்தால் ஆறு மாதத்தில் அந்த இடம் பை மாதிரித் தொங்கும்.

மென்மையாகத் தொங்கும் வேலைக்கு 5 செ.மீ. அகல வெல்குரோ. மென்மையான வளையப் பக்கத்தைப் பருத்தி நாடாவில் இயந்திரத்தால் தைத்து, அந்த நாடாவை வேலையின் பின்புற மேலோரத்தில் கையால் தையுங்கள். கொக்கிப் பக்கம் சுவரின் மரப்பட்டைக்கு. மாற்றிவைத்தால் சுருட்டும்போது கொக்கி நூலைப் பிடுங்கும். மரப்பட்டைக்கு வார்னிஷோ ஆக்ரிலிக்கோ பூசிக் காயவைக்கவேண்டும், பூச்சில்லாத மரத்தின் அமிலம் துணிக்கு ஆகாது. அகலம் முழுக்க எடை பரவுவதுதான் இந்த முறையின் பலம். இரண்டு மூலையில் வளையம் போட்டு மாட்டினால் நடுவில் தொய்வு நிச்சயம்.

கண்ணாடிச் சட்டத்தில் போட்டால் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே குறைந்தது 6 மி.மீ. இடைவெளி. ஒட்டினால் ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். அக்ரிலிக் தகடு இலேசானது, ஆனால் நிலைமின்சாரத்தால் தளர்ந்த நாரையும் வண்ணப்பொடியையும் மேலே இழுக்கும். உதிரும் மேற்பரப்புக்குக் கண்ணாடியே சரி. காட்சிக்கூடத்திடம் துணிமேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸ் என்று எழுத்தில் கேளுங்கள்.

தொங்கவிடும் முறையை முதலிலேயே யோசிப்பதற்கு அமெரிக்கக் கலைஞர் ஃபெய்த் ரிங்கோல்ட் நல்ல எடுத்துக்காட்டு. கான்வாஸ் ஓவியராக இருந்தவர் 1972இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் துணி விளிம்பிட்ட திபெத்தியத் தங்காக்களை (சுருட்டி வைக்கும் பௌத்த ஓவியங்கள்) பார்த்தார். சட்டமில்லாமல் துணிக்கரை வைத்தால் சுருட்டி எடுத்துப் போகலாம். தையல் தெரிந்த அவருடைய தாயார் கரைகளைத் தைத்தார். 1980இல் இருவரும் சேர்ந்து முதல் கில்ட் (அடுக்கித் தைத்த துணிப்போர்வை) செய்தார்கள், அதிலிருந்து கதை எழுதிய கில்ட்கள் பிறந்தன. எப்படி எடுத்துச்செல்வது என்ற கேள்வியே அங்கே ஊடகத்தை மாற்றியது.

கந்தல்துணி

சுருட்டுவது என்றதும் ஒரு சந்தேகம். ஆக்ரிலிக் உள்ள வேலையைச் சுருட்டலாமா? பூச்சி வந்தால் உறையவைக்கச் சொல்கிறார்களே, அதுவும் இந்த வேலைகளுக்குப் பொருந்துமா?

தொங்கல்

மெல்லிய பூச்சு என்றால் சுருட்டலாம். குறைந்தது 10 செ.மீ. விட்டமுள்ள அமிலமற்ற குழாய், பூவேலை வெளிப்பக்கம் பார்க்க. உள்ளே வைத்துச் சுருட்டினால் மேற்பரப்பு நசுங்கி மடிப்பு விழும். நடுவே சிலிக்கோன் பூசிய தாள். ஆக்ரிலிக் படலம் காய்ந்தபிறகும் வெயில் நாளில் பிசுக்கென்றே இருக்கும், சாதாரணத் தாளில் ஒட்டிக்கொள்ளும். 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அதே படலம் விறைத்துச் சுருட்டும்போது வெடிக்கும். கனத்த பூச்சோ மெழுகோ இருந்தால் தட்டையான பெட்டி மட்டும்.

இதனால்தான் உறையவைப்பதும் சிக்கல். கம்பளி, பட்டு, இறகு இருக்கும் வெறும் துணிவேலையைப் பாலித்தீன் பையில் மூடி, மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமல் 24 மணி நேரம் விட்டால் அந்துப்பூச்சி ஒழியும். ஆக்ரிலிக், மெழுகு, மரம் சேர்ந்த வேலைக்கு இந்த வழி மூடிவிடும். அதனால் பொருளைச் சேர்ப்பதற்கு முன்பே உறையவையுங்கள்: கம்பளி வாங்கியதும் இரண்டு வாரம் உறைபெட்டி, பிறகு பட்டறை.

பாவுநூல்

மூன்றாவது கேள்வியில் விலைப்பகுதி. கை அடர்த்தியாகத் தைத்த வேலைக்கு நேரக்கணக்கு தெரியாமல் விலை வைக்க முடியாது. 10க்கு 10 செ.மீ. சதுரம் ஒன்றை உங்கள் வழக்கமான அடர்த்தியில் தைத்து நேரம் குறியுங்கள். 3 மணி என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 300 மணி. இந்த எண்ணைப் பார்த்தபிறகுதான் பலருக்குக் கலப்பு ஊடகத்தின் தேவையே புரிகிறது: பரப்பில் கால்வாசியைத் தையலும் மீதியைச் சாயமும் காகிதமும் சுமந்தால் தையல் 75 மணியில் முடியும். ஆனால் நேரம் மிச்சப்பட மட்டும் பொருளைச் சேர்த்தால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். தையல் இல்லாத பரப்பு காலியாக நிற்காமல் தையலுக்கு எதிர்ப்பாக நிற்கவேண்டும்.

காட்சிக்கூடங்கள் விற்ற விலையில் பாதி வரை எடுப்பதுண்டு. பட்டறையில் ஒரு விலை, கூடத்தில் ஒரு விலை வைக்காதீர்கள், இரண்டு இடத்திலும் நம்பிக்கை போகும். ஊடகம் மாறியதும் விலையைத் தாவவிடவும் வேண்டாம். புதிய வரிசையின் முதல் எட்டு, பத்து வேலைகளுக்குப் பழைய பரப்பு விலையையே வைத்து, பொருட்செலவு கூடிய அளவை மட்டும் ஏற்றுங்கள்.

இழைமுடிச்சு

நன்றி. ஒன்று மட்டும் மிச்சம்: பழைய பூத்தையல் வேலைகளைத் தொகுப்பில் வைப்பதா, எடுப்பதா?

பாவுநூல்

வையுங்கள், ஆனால் அளவாக. இருபது படம் கேட்டால் பதினான்கு புதிய வரிசை, நான்கு இடைக்காலம், இரண்டு பழையது. இடைக்காலம்தான் முக்கியம், பூத்தையலில் முதல்முறை காகிதம் நுழைந்த அந்த வேலையைப் பார்த்தால்தான் இரண்டும் ஒரே கை என்று தேர்வாளருக்குப் புரியும். நார்க் கலைஞர் ஷீலா ஹிக்ஸ் கட்டடச் சுவரளவு வேலைகள் செய்துகொண்டே உள்ளங்கையளவு சிறுநெசவுகளையும் பல பத்தாண்டுகள் விடாமல் நெய்துவந்தார். பழைய முறையைச் சிறிய அளவில் உயிரோடு வைத்திருக்கலாம், அது பின்வாங்கல் ஆகாது.

ஒவ்வொரு வேலைக்கும் நான்கு படம்: முன்பக்கம், பின்பக்கம், நெருக்கம், பக்கவாட்டு. முழுப்படத்துக்கு இரண்டு விளக்கு, இருபுறமும் 45 டிகிரியில். நெருக்கத்துக்கு ஒரே விளக்கு, மேற்பரப்பை உரசுகிற மாதிரித் தாழ்வாக. அப்போதுதான் தையலின் மேடு தெரியும். பொருள்வரியில் "கலப்பு ஊடகம்" என்று மட்டும் எழுதாதீர்கள். "கையால் தைத்த பட்டுநூல், சாயமேற்றிய பருத்தி, மாச்சத்துப் பசையில் கைக்காகிதம், பூச்சிட்ட இரும்புக்கம்பி" என்று முழுதாக எழுதுங்கள்.

அடுக்குக்காகிதம்

அதே வரியை வேலையின் பின்பக்கத்திலும் வையுங்கள். பருத்தி நாடாவில் நிறமிமைப் பேனாவால் எழுதி நான்கு மூலையிலும் தைத்தால் போதும். பேனாவை முதலில் வேறு துண்டில் எழுதி, காய்ந்ததும் நனைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுச்சீட்டு வேண்டாம், அதன் பசை முன்பக்கம்வரை ஊறும்.